24-ஆம் தேதிக் காய்ச்சல்

மாதம் 9-ஆம் தேதி குழந்தைக்கு வரும் காய்ச்சல் வேறு, 24-ஆம் தேதி வரும் காய்ச்சல் வேறு. தெர்மாமீட்டர் இரண்டுக்கும் 102தான் காட்டும். ஆனால் மாதச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் முதல் காய்ச்சலுக்கு டாக்டரைத் தேடினால் போதும். இரண்டாவதற்கு முதலில் பணம் வைத்திருக்கும் ஆளைத் தேட வேண்டும், டாக்டர் அப்புறம். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7-ஆம் தேதிக்குள்ளும் மற்ற இடங்களில் 10-ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் எழுதிவைத்தது. கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவருக்கோ, கான்ட்ராக்டரின் பில் பாஸாகும் நாள்தான் 7-ஆம் தேதி.

அத்திப்பட்டு என்றதும் வெளியூர்க்காரர்கள் 2001-இல் வந்த ‘சிட்டிசன்’ படத்தின் அத்திப்பட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். அது சினிமா ஊர். இது சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் எண்ணூரைத் தாண்டியதும் வரும் ஊர். புதுநகர் ஒரு நிலையம், அத்திப்பட்டு ஒரு நிலையம். ஒருபக்கம் வட சென்னை அனல்மின் நிலையம், இன்னொருபக்கம் வல்லூர் அனல்மின் நிலையம், கிழக்கே காமராசர் துறைமுகம், நடுவே கன்டெய்னர் லாரிகள். நிலக்கரியும் சாம்பலும் எரிவாயுவும் கோடிக்கணக்கான ரூபாய்க்குப் புழங்கும் இந்த இடத்தில், ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் ஒரு ஃபிட்டரும் மீஞ்சூர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவியும் இரவு பத்து மணிக்கு மூவாயிரம் ரூபாய்க்கு என்ன செய்வது என்று யோசிப்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படுகிறது.

“ஏங்க, யாரைக் கேக்கறது?” அந்த இரவில் முதலில் எழும் கேள்வி இதுதான். எவ்வளவு என்பதுகூட இரண்டாவதுதான்.

அவர் மேஸ்திரியைக் கேட்கலாம். அவள் அம்மா வீட்டைக் கேட்கலாம். இல்லையென்றால் அடகுக்கடை, அதுவும் திறந்திராத நேரமென்றால் தண்டல். வடசென்னையில் தண்டலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பேச்சு. முன்வட்டி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கைக்கு வரும். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2003-இல் தமிழ்நாடு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணிநேர வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்தது. சட்டம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தண்டல் நோட்டு இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது. சட்டத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. இரவு பத்து மணிக்கு சட்டம் 8,500 ரூபாய் கொடுப்பதில்லை, தண்டல்காரர் கொடுக்கிறார்.

வட்டியைக்கூட ஒரு வழியாகக் கட்டி முடித்துவிடலாம். அந்தக் கடன் கணவன் மனைவிக்கு நடுவே விட்டுப்போகும் பாக்கி அப்படித் தீருவதில்லை. மேஸ்திரியிடம் வாங்கிய அட்வான்ஸ் ஞாயிற்றுக்கிழமை வேலையாகத் திரும்பி வருகிறது. பக்கத்து யார்டில் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கூலி கிடைத்தாலும் அவரால் போக முடியாது, அவர் போகாததற்குக் காரணம் அந்தக் காய்ச்சல் என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. அவளுடைய அம்மா கொடுத்த பணத்துக்கு வட்டி கிடையாது. திருப்பிக் கொடுத்த பிறகும் அது தீராது. நாலு வருடம் கழித்து ஏதோ ஒரு சண்டையில், சாம்பாரில் உப்புக் கூடிய சண்டையில்கூட, “அன்னிக்கு எங்க அம்மா மட்டும் குடுக்கலைன்னா” என்று அது எழுந்து வரும். அவருடைய அண்ணன் கொடுத்திருந்தால் வேறு விதம்: அண்ணன் மகள் காதுகுத்துக்கு மொய் எவ்வளவு என்பதில் அது நுழையும். நம் ஊரில் தம்பதிகள் பணத்துக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். கூர்ந்து கேட்டால், பாதிச் சண்டைகள் யாருடைய உறவுக்காரர் முன்னால் யார் தலைகுனிந்தார் என்பதைப் பற்றியவை.

கையிருப்பு ஒன்று இருந்தால் இந்த வரிசையே இல்லாமல் போகிறது. பதினைந்தாயிரம் ரூபாய் காய்ச்சலைக் குணப்படுத்துவதில்லை. ஆனால் அந்த இரவில் மூன்றாம் மனிதர் ஒருவரும் வீட்டுக்குள் வருவதில்லை. அதுதான் அதன் முதல் பயன் என்று நினைக்கிறேன். நிதி ஆலோசனைப் புத்தகங்கள் இதை எழுதுவதில்லை; அவை வட்டி மிச்சத்தோடு நின்றுவிடுகின்றன.

இரண்டாவது பயன் மூளையோடு சம்பந்தப்பட்டது. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் வெளியிட்ட ஆய்வுக்கு நம் மாநிலத்தின் 464 கரும்பு விவசாயிகள்தான் ஆதாரம். ஒரே விவசாயியை வெட்டுக்கு முன்பும் வெட்டு முடிந்து பணம் வந்த பின்பும் சோதித்தார்கள். வெட்டுக்கு முன்பு அவர்களில் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்பு அது 4 சதவீதம். யோசித்துத் தீர்க்கும் புதிர்களிலும் கவனச் சோதனைகளிலும் வெட்டுக்கு முன்பு அதே ஆள் தெளிவாகத் தடுமாறினார். அதே குழு அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு கடைவளாகத்தில் வந்தவர்களிடம், உங்கள் காரைப் பழுது பார்க்க 150 டாலர் ஆகும் என்றால் என்ன செய்வீர்கள், 1,500 டாலர் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு அதே மாதிரிச் சோதனைகளைக் கொடுத்தது. தொகை சிறியதாக இருந்தபோது ஏழைகளும் வசதியானவர்களும் ஒரே அளவில் செய்தார்கள். பெரிய தொகையைக் கற்பனை செய்ததுமே ஏழைகளின் மதிப்பெண் மட்டும் இறங்கியது. கார் உண்மையில் பழுதாகவே இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அந்த ஆய்வு தனிமனிதரைப் பார்த்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அப்படி ஆகிறார்கள். காய்ச்சலுள்ள குழந்தையை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதா, தெருமுனை கிளினிக்கா, காலை வரை பொறுக்கலாமா என்ற முடிவை, நன்றாக யோசிக்க முடியாத நிலையில் இருக்கும் இருவர் சேர்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பதறினால் மற்றவர் நிதானமாக இருப்பார் என்பதுதானே கல்யாணத்தின் சௌகரியங்களில் ஒன்று! பணமில்லாத இரவில் அந்தச் சௌகரியம் கிடைப்பதில்லை.

நம் மாநிலத்தில் நோய்ச்செலவுக்குத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கும் குடும்பத்துக்கும் இஎஸ்ஐ. நோய் விடுப்பில் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சாலை விபத்தென்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்றுக்கொள்கிறது. இவற்றை ஏளனம் செய்ய மாட்டேன்; இவை எட்டாத வீடுகளில் ஒரு ஆபரேஷன் என்பது நிலத்தை விற்பது என்று பொருள். ஆனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கணவனுக்குக் கால் எலும்பு முறிவுக்குச் சிகிச்சை இலவசமாக நடக்கும்போது, அவனுக்குத் துணையாக இருக்கும் மனைவிக்கு ஜவுளிக்கடையில் சம்பளம் வெட்டப்படுகிறது. டீ, சாப்பாடு, ஆட்டோ, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஏதாவது, ஸ்கேன் வெளியே எடுக்கச் சொன்னால் அது. ஒருவர் படுத்தால் இரண்டு வருமானம் நிற்கும் என்பதை எந்தக் காப்பீட்டு அட்டையும் கணக்கில் எடுப்பதில்லை. கையிருப்பு நிரப்ப வேண்டிய பள்ளம் இதுதான், ஆஸ்பத்திரி பில் அன்று.

இரண்டு வருமானம் என்பதே சில வீடுகளில் தோற்றம்தான். 2023 டிசம்பரில் இந்தப் பக்கம் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை. அந்த வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. படகும் வலையும் கருத்துப்போயின. மாதக் கடைசியில், 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். முகத்துவாரத்து மீனவக் குடும்பங்களில் கணவன் வலை வீசுவான், மனைவி கூடையில் வைத்து விற்பாள். ஊரார் கண்ணுக்கு இரண்டு பேர் சம்பாதிக்கும் வீடு. தண்ணீர் ஒன்றுதான் என்பதால் அது கெட்டதும் இரண்டும் ஒரே நாளில் நின்றன. ஒரே கான்ட்ராக்டரிடம் அவர் ஃபிட்டராகவும் அவள் துப்புரவுப் பணியிலும் இருக்கும் வீட்டின் கதையும் இதேதான். அரசின் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடையில் ரொக்கமாக டிசம்பர் 17 முதல் கொடுக்கப்பட்டது. அரசு அளவில் அது வேகம்தான். வீட்டு அளவில், மழை பெய்த நாளுக்கும் 17-ஆம் தேதிக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் அடகுக்கடைக்குப் போக வேண்டியவர்கள் போய்விட்டார்கள். அந்த நாட்களில் இன்னொன்றும் தெரிந்தது: கரண்ட்டும் சிக்னலும் போன இடத்தில் வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்தால் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது.

இதையெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சிறுவாட்டுப் பணம் என்பது வேறென்ன? பருப்பு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது இந்தக் கையிருப்புதான். அதற்கு ஒரு விதி உண்டு: கணவனுக்குத் தெரியக் கூடாது. அந்த ரகசியத்தைப் பற்றி ஆண்கள் வேடிக்கையாகப் பேசுவார்கள், பத்திரிகைகளில் ஜோக் போடுவார்கள். நான் அதை முழுக்க நியாயமென்றே கருதுகிறேன். தெரிந்த பணம் டாஸ்மாக்குக்குப் போகும், நண்பனுக்குக் கைமாற்றாகப் போகும், தங்கை வீட்டுச் சீருக்குப் போகும். அவசரம் எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்கும் வீட்டில், இன்னொருவர் பணத்தை ஒளித்துவைப்பதை ஏமாற்று என்று சொல்ல முடியாது.

2016 நவம்பர் 8 இரவு அந்த டப்பாக்கள் எல்லாம் திறந்துகொண்டன. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானதும், பல வருடம் சேர்த்ததை மனைவிமார் கணவன் முன்னால் எடுத்துவைக்க வேண்டி வந்தது. டிசம்பர் 30-க்குள் வங்கியில் போட வேண்டும். கணக்கோ பல வீடுகளில் அவன் பெயரில். இல்லத்தரசிகள் அப்போது செலுத்திய தொகையில் இரண்டரை லட்சம் வரை கணக்கில் வராத வருமானமாகக் கருத முடியாது என்று 2021-இல் ஆக்ராவில் உள்ள வருமான வரித் தீர்ப்பாயம் சொன்னது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததும் பெண்ணின் சேமிப்புதான் என்பதை வரித்துறை ஒருவாறு ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. வீடுகள் ஏற்றுக்கொண்டனவா என்பது வேறு கதை. வங்கிக்குப் போன சிறுவாடு எத்தனை வீட்டில் டப்பாவுக்குத் திரும்பியது?

ரகசியக் கையிருப்புக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அவளே ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தால் பணம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆக, திறந்து வைக்கத்தான் வேண்டும். எப்படித் திறப்பது, யார் கையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டுக் கணக்கு என்று பாஸ்புக்கில் இருவர் பெயரையும் போட்டுவிட்டு, ஏடிஎம் கார்டு அவர் பர்ஸில், மெசேஜ் வருவது அவர் போனுக்கு என்றால் அது கூட்டுக் கணக்காகாது. 2023 செப்டம்பர் 15 முதல் வரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அவள் கணக்குக்குத்தான் போகிறது. அந்தக் கணக்கோடு இணைந்த எண் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். அதே 2023-இன் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சரிபாதி உண்டு என்றது. அவள் வீட்டு வேலையைச் சுமந்ததால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் நியாயம். நிலத்துக்குப் பொருந்தும் நியாயம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கும் பொருந்தும். என் கருத்து இது: இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இருவரில் யாரும் மற்றவரைக் கேட்காமல் எடுக்கலாம், எடுத்ததை மறுநாள் சொல்லிவிட வேண்டும். அனுமதி கேட்க வேண்டிய பணம் அவசரத்துக்கு உதவாது. மறுநாளும் சொல்லாமல் மறைக்கும் பணம் மீண்டும் டப்பாவுக்குப் போய்விடும்.

பதினைந்தாயிரம் என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். ஆறு மாதச் செலவைத் தனியாக வை என்பது ஆலோசகர்களின் வழக்கமான வாக்கு. இருவரும் சேர்ந்து மாதம் இருபத்தைந்தாயிரம் செலவழிக்கும் வீட்டில் அது ஒன்றரை லட்சம். அதைக் கேட்டதும் பலர் இந்தப் பேச்சையே விட்டுவிடுகிறார்கள், அதில் தவறும் இல்லை. சிறிய தொகையே பெரிய வேலை செய்கிறது. அமெரிக்காவின் அர்பன் இன்ஸ்டிடியூட் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 250 முதல் 749 டாலர் வரை சேமிப்புள்ள குடும்பங்களுக்குக்கூட, வருமானம் தடைப்பட்டபோது வீட்டைக் காலி செய்ய நேர்வதும் வாடகையோ கரண்ட் பில்லோ பாக்கி விழுவதும் ஒன்றுமில்லாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. அந்த நாட்டு விலைவாசிக்கு அது அற்பத் தொகை. இங்கே ஒரு மாத வாடகை, ஒரு ஆஸ்பத்திரி இரவு, நாலு நாள் கூலி: இவ்வளவைத் தொட்டாலே தண்டல்காரரின் வேலை பெரும்பாலும் போய்விடும். அந்தப் பணம் வட்டி சம்பாதித்துத் தர வேண்டியதுமில்லை. ஆசைப்பட்டு அதை எங்கோ போட்டவர்களின் கதையை ஆருத்ரா நிதி நிறுவன வழக்கு சொல்லும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்னது.

இன்னொரு சங்கடமும் உண்டு. தீபாவளி, பள்ளிக் கட்டணம், ஆடிச் சீர், சித்தப்பா மகன் கல்யாண மொய் எல்லாம் திடீர்ச் செலவு என்ற பெயரில் இதற்குள் கை வைக்கும். காலண்டரில் அச்சாகி வரும் செலவு எப்படித் திடீர்ச் செலவாகும்?

எடுத்தது எடுத்ததுதான். திரும்ப நிரப்புவதில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சீதனத்தின் மீது கணவனுக்கு உரிமை இல்லை, இக்கட்டில் அதைப் பயன்படுத்தினாலும் அதையோ அதன் மதிப்பையோ மனைவிக்குத் திருப்பிக் கொடுக்கும் தார்மீகக் கடமை அவனுக்கு உண்டு என்று மறுபடியும் சொன்னது. அடகுக்குப் போன செயின் பற்றி ஒரு வழக்காவது போட முடிகிறது. இருவரும் சேர்ந்து வைத்த கையிருப்பைத் திரும்ப நிரப்ப வேண்டியது யார்? நடைமுறையில் அவள்தான். காய்கறியில் இருபது, பாலில் பத்து என்று அவள் வாயைக் கட்டி நிரப்புவாள். அவருடைய ஓவர்டைம் பணத்திலிருந்து நிரம்புவது அபூர்வம்.

தண்டல்காரருக்கு 100 நாள் தவறாமல் 100 ரூபாய் கட்டும் அதே தம்பதி, தங்களுக்காக அப்படிக் கட்ட முடிவதில்லை. பணமில்லை என்பது காரணமல்ல; வாசலில் வந்து நின்று கேட்க ஆளில்லை. அத்திப்பட்டு வழியாகப் போகும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் சென்று சேரும் விஜயவாடாவில், குடிசைப் பகுதிகளில் தினமும் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வசூலித்த ஒரு பெண்ணைப் பற்றி ஆய்வாளர் ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டு எழுதியிருக்கிறார். அட்டையில் 220 கட்டங்கள்; கட்டத்துக்கு ஐந்து ரூபாய் வீதம் 1,100 ரூபாய் கட்டினால் கடைசியில் 1,000 திரும்பக் கிடைக்கும். நூறு ரூபாய் அந்தப் பெண்ணுக்குக் கூலி. சேமிப்பதற்காக ஏழைகள் கூலி கொடுத்தார்கள் என்பதைப் படித்தபோது முதலில் அநியாயமாகத் தோன்றியது. பிறகு யோசித்தால், கணவன் மனைவியைப் பார்த்து “இந்த வாரம் போட்டியா?” என்று கேட்டால் சந்தேகமாகக் கேட்கிறது, மனைவி கேட்டால் நச்சரிப்பாகக் கேட்கிறது, மூன்றாமவர் கேட்டால்தான் கணக்காகக் கேட்கிறது. அஞ்சல் துறையின் தொடர் வைப்புக்கு வீட்டுக்கே வந்து வசூலிக்கும் மகளிர் முகவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கான கமிஷனை அரசு கொடுக்கிறது, சேமிப்பவர் கொடுக்க வேண்டியதில்லை. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். ஆனால் 12 தவணை கட்டிய பிறகுதான் கட்டியதில் பாதி வரை கடனாக எடுக்க முடியும். அந்த முதல் ஆண்டில் வரும் 24-ஆம் தேதிகளுக்கு, அவள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும், புயல் நாளுக்காக வீட்டில் இரண்டாயிரம் மூவாயிரம் சில்லறை நோட்டுகளும் வேண்டும்.